கூவத்தைச் சுத்தமாக்க எது சரி: மறித்துக் கொண்டுபோகும் குழாயா, கரையோரச் சுத்திகரிப்பா?

கோடையில் கூவத்தில் ஓடுவது ஆற்றுநீர் அல்ல, வீடுகளில் புழங்கிவிட்ட நீர். மேலிருந்து வருவதில் ஒரு பங்கு ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டிலேயே செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே, கழிவுநீரைத் தடுத்தால் ஆற்றில் என்ன மிஞ்சும் என்பதுதான் முதல் கேள்வி.

முதல் வழி, மறிப்புக் குழாய். மழைநீர் வடிகால் ஆற்றில் விழும் இடத்தில் குட்டையான தடுப்புச் சுவர் கட்டி, கழிவுநீரைக் கிணற்றில் இறக்கி, மோட்டார் வைத்துக் கோயம்பேடு, நெசப்பாக்கம் போன்ற பெரிய நிலையங்களுக்கு ஏற்றுவார்கள். 30,000 பேரின் கழிவு வரும் ஒரு வடிகாலை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் கழிவு என்ற வழக்கமான கணக்கில் நாளைக்கு 32.4 லட்சம் லிட்டர், அதாவது சராசரி வினாடிக்கு 37.5 லிட்டர். காலை நேரத்து உச்சத்துக்கு அதை இரண்டரை மடங்காக்கினால் 94 லிட்டர். சராசரியைப் பார்த்து மோட்டார் வாங்கினால் காலை ஏழு மணிக்கே கழிவு தடுப்பைத் தாண்டி ஆற்றில் விழும். கம்பி வலையில் துணியும் பிளாஸ்டிக்கும் அடைத்தாலும், ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தாலும் இதே கதைதான்.

எல்லாம் சரியாக ஓடினாலும் சிக்கல் உண்டு. நீர் போனபின் வெயிலில் தெரிவது பல வருடக் கருப்புச் சேறு, நாற்றம் கூடும். துறைமுகச் சுவர் தடுத்த மணல் நேப்பியர் பாலத்தருகே முகத்துவாரத்தில் சேர்கிறது. அலையேற்றமும் ஒரு மீட்டரை ஒட்டியதுதான். ஓட்டம் குறைந்தால் மணல் திட்டு இன்னும் சீக்கிரம் வாயை அடைக்கும். கோயம்பேட்டில் நாளைக்கு 4.5 கோடி லிட்டரை மூன்றாம் நிலைவரை, அதாவது வழக்கமான சுத்திகரிப்புக்கு மேலும் ஒரு கட்டம், சுத்திகரித்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்குத் தருகிறார்கள். அதனால் குடிநீர் மிச்சம். ஆற்றின் கணக்கிலோ அது செலவு.

இரண்டாவது, வடிகால் வாயிலேயே சிறு சுத்திகரிப்பு நிலையம். சுத்தமான நீர் அங்கேயே ஆற்றில் விழுவதால் ஓட்டம் நிற்காது, நீளக் குழாயும் வேண்டாம். ஆனால் கலந்து நீர்க்கச் செய்ய வேறு நல்ல நீர் இல்லாத ஆறு இது. நிலையத்தின் தரமே ஆற்றின் தரம். பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் வந்தால் போதும் என்று நிறுத்தினால், நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிஞ்சி ஆகாயத்தாமரை மண்டும். அவற்றை நீக்கும் கட்டம் டெண்டரிலேயே இருக்க வேண்டும். சுத்திகரிப்பில் சேரும் கசடை அன்றாடம் எடுக்க லாரி வருமா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். வராவிட்டால் கசடு பின்வாசல் வழியாக ஆற்றுக்கே போகும்.

மூன்றாவதாகச் சபர்மதி பாணிக் கரைச்சுவரும் நடைபாதையும் பேசப்படுகிறது. அகமதாபாத்தில் நர்மதைக் கால்வாய் நீர் நிரப்புகிறது, வாஸ்னா தடுப்பணை தேக்கி வைக்கிறது. நமக்கு நர்மதை ஏது? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது, அந்த நீர் ஓடிய அடையாறு எவ்வளவு அகலம் கேட்டது என்பதைப் பார்த்த ஊரில், சுவர் கட்டி ஆற்றைக் குறுக்குவது வம்பு.

பெரிய நிலையம் பக்கத்தில் இருக்கும் பகுதிக்குக் குழாய் போதும், சுத்திகரித்த நீரில் ஒரு பங்கை ஆற்றுக்கென எழுதிவைத்தால். நுங்கம்பாக்கத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை சிறு நிலையங்கள்தான் பொருந்தும். அங்கே கரையில் இடம் தேடுவதே பெரும்பாடு. முகத்துவார மணலை இரண்டு வழியிலும் வருடாவருடம் தோண்டித்தான் ஆக வேண்டும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே.