கென்ஷின் இம்பாக்ட்: ஜெம்மைச் சேர்த்துவிட்டு இழுங்கள்

ஷாங்காய் ஜியாவோ தோங் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் 2012-இல் தொடங்கிய மிஹோயோ நிறுவனத்தை உலகறியச் செய்தது, 2020 செப்டம்பர் 28 அன்று வந்த இந்த கேம். மொபைல், கணினி, பிளேஸ்டேஷன் எல்லாவற்றிலும் ஒரே பரந்த உலகம். காட்சியும் இசையும் அபாரம்.

பர்ஸைப் பதம் பார்ப்பது, அதிர்ஷ்டத்தை நம்பிப் புதுப் பாத்திரங்களை இழுக்கும் குலுக்கல்தான். ஒருமுறை இழுக்க 160 பிரைமோஜெம் (கேமுக்குள் செலவாகும் ஜெம்). ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழும் வாய்ப்பு வெறும் 0.6 சதவீதம். 90-ஆவது இழுப்புக்குள் கட்டாயம் ஒன்று வரும், அதாவது 14,400 ஜெம். அதுவும் நீங்கள் குறிவைத்ததல்லாத வேறு பாத்திரமாக இருக்கலாம். அப்படியானால் அடுத்து வரும் ஐந்து நட்சத்திரம், பேனரில் (அந்தக் குலுக்கலில் முன்னிறுத்தப்படும் பாத்திரத்தின் அறிவிப்பு) உள்ளதுதான். ஆகவே 28,800 சேராமல் எந்தப் பாத்திரத்தையும் உறுதியாக நம்பாதீர்கள்.

கேமில் பரிசுகளைப் பெறச் செலவாகும் ரெசின் 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறும். 200-இல் நின்றுவிடும், தினமும் செலவழியுங்கள். போன் சூடாகித் திணறினால் முதலில் 60 எஃப்பிஎஸ்ஸை (நொடிக்குக் காட்டும் படங்களின் எண்ணிக்கை) 30 ஆக்குங்கள், பிறகு நிழல் தரத்தைக் குறையுங்கள்.