பட்டாளத்து கேப்டனா, லண்டன் பரீட்சையா, கீழிருந்து வந்தவரா?

சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் அறிக்கை கொடுத்த பிறகு, பழைய போலீஸ் ஏற்பாட்டைக் காப்பாற்ற வழியில்லை. வரி வசூலித்த தாலுகா ஆட்களேதான் போலீஸ் வேலையும் பார்த்தார்கள். இரண்டுக்கும் அடி உதைதான் ஆயுதம். 1859 சட்டம் போலீஸைத் தனித் துறையாக்கியது. தலைமைக்கு வந்த வில்லியம் ராபின்சன் ஒரு சிவில் அதிகாரி. அவருக்குக் கீழே ஜில்லா சூப்பரிண்டெண்டெண்டுகளை எங்கிருந்து பிடிப்பது?

முதலில் கை நீண்டது பட்டாளத்தின் பக்கம். ஆள் தயாராக இருந்தார், துப்பாக்கி பிடிக்கத் தெரியும், புதிதாகப் பயிற்சிச் செலவு இல்லை. 1861இல் ஸ்டாஃப் கோர் (படைப்பிரிவுக்கு வெளியேயும் வேலைக்கு அனுப்பக்கூடிய பட்டாள அதிகாரிகளின் பொது அணி) வந்ததும் இது இன்னும் வசதியாயிற்று. ஜில்லாவில் போலீஸ் வேலை பார்த்தாலும் சர்வீஸ் ஆண்டுகளை எண்ணி 20 ஆண்டில் மேஜர் ஆகிவிடலாம். அங்கேதான் கோளாறும். திருட்டு வழக்குகளைத் துப்புத் துலக்கினாலும் துலக்காவிட்டாலும் அவருடைய பதவி உயர்வு தானாக வந்து சேரும். கூடவே கவர்னர் மாளிகைச் சிபாரிசில் வந்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

1893இல் லண்டனில் போட்டிப் பரீட்சை தொடங்கியது. முதல் பத்து பேர் உதவி சூப்பரிண்டெண்டெண்டுகளாகக் கப்பலேறினார்கள். சிபாரிசைவிட இது நூறு மடங்கு மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘போட்டி’ என்பதைக் கொஞ்சம் கவனமாகத்தான் படிக்க வேண்டும்: 1920 வரை இந்தியருக்குக் கதவு மூடியே இருந்தது. பத்தொன்பது, இருபது வயதுப் பையன் வந்து இறங்குவான். குதிரையேற்றத்தில் தேற வேண்டும், தமிழும் தெலுங்கும் இங்கே வந்துதான் படிக்க வேண்டும். அதுவரை ஸ்டேஷனில் என்ன நடக்கிறது என்பதை அவனுக்குச் சொல்பவர் இன்ஸ்பெக்டர்தான். சொல்ல விரும்பியதை மட்டும் சொல்வார்.

அந்த இன்ஸ்பெக்டரையே மேலே ஏற்றினால் என்ன? இந்தியப் போலீஸை ஆராய்ந்த ஃப்ரேசர் கமிஷன் (1902-03) பாதி வழி வந்தது. இந்தியருக்காக டெபுடி சூப்பரிண்டெண்டெண்ட் என்ற பதவியைச் சிபாரிசு செய்தது. கீழிருந்து உயர்ந்தவரும் அதில் உட்காரலாம். நாம் இன்று டி.எஸ்.பி. என்கிறோமே, அதேதான். வேலை ஏறத்தாழ வெள்ளைக்கார உதவி சூப்பரிண்டெண்டெண்டின் வேலை. ஆனால் ஒருவர் இம்பீரியல் சர்வீஸ், இவர் மாகாண சர்வீஸ்; அவருக்கு ஐ.ஜி. நாற்காலி வரை பாதை, இவருக்குச் சில படிகளிலேயே சுவர். உள்ளூரை அறிந்தவரை அதிகாரம் குறைந்த இடத்திலும், அறியாதவரை அதிகாரம் நிறைந்த இடத்திலும் வைத்த ஏற்பாடு இது. மூன்றில் மிகவும் வீணடிக்கப்பட்டது இந்த வழிதான் என்பேன்.

சம்பளத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் அப்பட்டம். கான்ஸ்டபிளுக்குக் குறைந்தது மாதம் 8 ரூபாயாவது கொடுங்கள் என்று அதே கமிஷன் கெஞ்ச வேண்டியிருந்தது. உதவி சூப்பரிண்டெண்டெண்டின் தொடக்கச் சம்பளமே சில நூறு ரூபாய். மேலே இருப்பவர் கை நீட்டாமல் இருக்கப் பணம் கொடுத்தார்கள். கீழே இருப்பவரை மாமூலிடம் விட்டுவிட்டார்கள். போலீஸ் ஊழல் மிகுந்தது என்று கமிஷன் கடுமையாக எழுதியதில் வியப்பில்லை.

1924இல், உயர் அரசுப் பணிகளை ஆராய்ந்த லீ கமிஷன் இம்பீரியல் போலீஸ் இடங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: பத்து இடத்தில் ஐந்து ஐரோப்பியருக்கு, மூன்று நேரடியாகத் தேர்வாகும் இந்தியருக்கு, இரண்டு மாகாண சர்வீஸிலிருந்து உயர்வோருக்கு. கூடவே ஐரோப்பியருக்குக் கடல் கடந்த படி, சர்வீஸ் காலத்தில் நான்கு முறை ஊருக்குப் போய்வரக் கப்பல் செலவு. ஒரே பதவி, இரண்டு சம்பளம். இந்தியருக்குக் கதவு திறந்த பிறகு சென்னைப் போலீஸில் சேர்ந்த டி.ஜி. சஞ்சீவி, 1947இல் மத்திய உளவுத்துறையின் முதல் இந்திய இயக்குநரானார். கதவை முப்பது ஆண்டு முன்பே திறந்திருக்கலாம்.

இலங்கை இன்னொரு வழி பிடித்தது. 1865 சட்டத்துக்குப் பின், 1866இல் பம்பாய் மாகாணத்திலிருந்து ஜார்ஜ் கேம்ப்பெல் என்ற அனுபவசாலியைத் தலைமைக்கு வரவழைத்தது. பையன்களை அனுப்புவதைவிட இது புத்திசாலித்தனம். ஆனால் அங்கும் 1947இல் ஐ.ஜி.யாக வந்த ரிச்சர்ட் அலுவிகாரே போலீஸிலிருந்து உயர்ந்தவர் அல்ல, சிவில் சர்வீஸிலிருந்து கொண்டுவரப்பட்டவர். சென்னையில் ராபின்சனைக் கொண்டுவந்த அதே கணக்கு.

தமிழ்நாட்டில் இன்றும் ஒரு சப்-டிவிஷனில் ஐ.பி.எஸ். பரீட்சை வழி வந்த ஏ.எஸ்.பி.யும், அடுத்ததில் குரூப் 1 வழி வந்த டி.எஸ்.பி.யும், அதற்கடுத்ததில் சப்-இன்ஸ்பெக்டராகத் தொடங்கி உயர்ந்த டி.எஸ்.பி.யும் ஒரே வேலையைப் பார்க்கலாம். மூவரில் யார் எவ்வளவு சீக்கிரம் எஸ்.பி. ஆவார் என்பதை மட்டும் அவர்கள் நுழைந்த வாசல் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும்.