வெறும் வயிற்றில் எது: டோலோவா, புரூஃபெனா?

விடியற்காலையில் தலைவலி மண்டையைப் பிளக்கிறது, இட்லி இன்னும் வேகவில்லை. "ஏதாவது சாப்பிட்டுட்டு மாத்திரை போடு" என்பார்கள் வீட்டில். புரூஃபெனுக்கு அது சரியான பேச்சு. டோலோவுக்குத் தேவையில்லாத காத்திருப்பு.

டோலோ, குரோசின், கால்பால் மூன்றிலும் இருப்பது பாராசிட்டமால்தான். அது வயிற்றைப் புண்ணாக்கும் ரகமில்லை. சிறுகுடலில்தான் ரத்தத்தில் கலக்கிறது. வயிறு நிறைந்திருந்தால் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும், அவ்வளவுதான். சீக்கிரம் வலி குறைய வேண்டுமென்றால் ஒரு டம்ளர் தண்ணீரோடு வெறும் வயிற்றிலேயே போடலாம். இதன் ஆபத்து போடும் அளவில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம்! தினமும் குடிப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், பல நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர்கள் ஆகியோருக்கு அந்த வரம்பே அதிகம். மருத்துவரைக் கேட்டே போட வேண்டும்.

புரூஃபென், அதாவது ஐபுப்ரோஃபென், வேறு கதை. இந்த வகை மருந்துகள் வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உடலில் உருவாவதைத் தடுக்கின்றன என்று 1971-இல் பிரிட்டன் விஞ்ஞானி ஜான் வேன் கண்டறிந்தார்; 1982-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். சிக்கல் என்னவென்றால், இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். வலியோடு காவலும் போய்விடுகிறது.

சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சலும் குமட்டலும் குறையும். இரண்டு பிஸ்கட், ஒரு டம்ளர் பால் இருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டால் அல்சர் வராது என்று நம்புவது தப்பு. மருந்து ரத்தம் வழியாகவும் இரைப்பைக்கு வருகிறது. இதே ரக மருந்தை ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம். குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்குப் போடுவதுதான் காப்பு. மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கினால் நாளுக்கு 1200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் இருப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் தாமாக வாங்கிப் போடவே வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் அன்றைக்கே மருத்துவமனை.

அப்படியானால் புரூஃபெனே வேண்டாமா? பல்வலி, மாதவிடாய் வலி, சுளுக்கு என்றால் என் ஓட்டு அதற்குத்தான், சாப்பிட்ட பிறகு. விரத நாள் தலைவலிக்கு டோலோ. மழைக்காலத்தில் காரணம் தெரியாத காய்ச்சலுக்கும் டோலோ மட்டும்தான், சாப்பிட்டிருந்தாலும் சரி. டெங்குவாக இருந்தால் புரூஃபென் ரத்தக்கசிவை மோசமாக்கும்.

இரண்டுக்கும் நடுவே காம்பிஃப்ளாம் இருக்கிறது: ஒரே மாத்திரையில் ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம். ஆகவே அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அதைப் போட்டுவிட்டு, காய்ச்சல் குறையவில்லையே என்று உடனே ஒரு டோலோவும் போட்டால் பாராசிட்டமால் இரண்டு பக்கமிருந்தும் உள்ளே போகும். அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டுப் போடுங்கள்.