மூக்கனேரிக் கரைக்கு ஏற்ற பைனாகுலர்: பென்டாக்ஸ் பாப்பிலியோ 2, 6.5×21

பறவை பார்க்கும் 8×42 பைனாகுலரை (8 மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன் லென்ஸ்) எடுத்துக்கொண்டு சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போனால் பெரிய தட்டான்கள் தெரியும், மெல்லிய உடலுள்ள ஊசித்தட்டான்கள் தப்பிவிடும். அந்த வகைப் பைனாகுலர்களில் பல 2 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. ஊசித்தட்டானோ காலடிப் புல்லில் உட்கார்ந்திருக்கும். பாப்பிலியோ 50 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகிறது. கிட்டத்தில் பார்க்கும்போது முன் லென்ஸ்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்குவதால் பிம்பம் இரண்டாகப் பிரிவதில்லை.

இதன் அருமை அடையாளம் காண்பதில்தான் தெரியும். இஸ்க்னுரா செனகலென்சிஸ் என்ற ஊசித்தட்டான் ஆணுக்கு வாலின் முதுகுப்புறத்தில் 8-ஆம் கண்டம் (வால் வளையம்) மட்டும் நீலம். இன்னொரு ஊசித்தட்டானான சூடாக்ரியான் மைக்ரோசெபாலத்தின் ஆணுக்கு 8, 9 இரண்டுமே நீலம். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலப் புள்ளி. 2 செ.மீ. சொச்சமே நீளமுள்ள அக்ரியோக்னெமிஸ் பிக்மேயாவை இனம் பிரிக்க வால்முனைக் கொக்கிகளைப் பார்க்க வேண்டும். அதுவும் இதில் சாத்தியம். இறக்கையை விரித்து உட்கார்ந்தால் தட்டான், மடக்கினால் ஊசித்தட்டான் என்ற கணக்கை முழுதாக நம்பவேண்டாம். லெஸ்டிடே குடும்பத்து ஊசித்தட்டான்கள் இறக்கையைப் பாதி விரித்தே உட்காரும்.

ஃபோகஸ் சக்கரத்தை நிறையச் சுற்ற வேண்டியிருக்கும். பூச்சியைக் கண்டபின் சுற்றினால் அது பறந்திருக்கும். முதலிலேயே ஒரு மீட்டருக்கு வைத்துக்கொண்டு, நிழல் அதன்மேல் விழாமல் பக்கவாட்டில் மெல்ல நெருங்கவும். பறந்துவிட்டாலும் நகராதீர்கள், பல இனங்கள் அதே குச்சிக்குத் திரும்பும்.

இதே பாப்பிலியோவின் 8.5×21 மாடல் வேண்டாம். பார்வைப் பரப்பு 7.5 பாகையிலிருந்து 6 ஆகக் குறைகிறது, கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும். 21 மி.மீ. லென்ஸ் என்பதால் ஏற்காட்டில் காப்பித் தோட்ட நிழலில் 6.5-லேயே வெளிச்சம் பற்றாது. அங்கே வெயில் ஏறியபின் ஏரிக்கரைத் திறப்புகளில் பாருங்கள். தட்டான்களும் உடல் சூடேறிய பிறகுதான் பறக்கும்.

சாக்கடை கலக்கும் ஓரங்களில் செம்மஞ்சள் இறக்கையுள்ள பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா தட்டான் மட்டுமே மொய்த்தால் அந்தத் தண்ணீரைச் சந்தேகியுங்கள். அதைப் பதிவு செய்வதும் ஏரிக்குச் செய்யும் உதவியே.

மழைக்காலத்தில் கூட்டமாகச் சுற்றும் பான்டாலா ஃபிளாவெசென்ஸ் தட்டான் உட்காருவது அரிது. அதற்கு 8×42 தான் சரி. பாப்பிலியோவின் எடை 290 கிராம், கழுத்து வலிக்காது. ஆனால் நீர் புகாத அமைப்பு கிடையாது. மலைப்பனியிலும் தூறலிலும் உறைக்குள் போட்டுவிடுங்கள், சேற்றில் குனியும்போது வாரைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.