நாலு நண்பர்கள், மூன்று வழிகள்: தென்கிழக்கு ஆசியாவில் எந்தப் பக்கம் பையைத் தூக்குவது?

நண்பர்கள் சேர்ந்து தென்கிழக்கு ஆசியா போகலாம் என்று வாட்ஸ்அப் குழு தொடங்கிய அன்றே ஊர்ச் சண்டை ஆரம்பித்துவிடும். ஒருத்தருக்கு பாங்காக், ஒருத்தருக்கு ஹனோய், சிங்கப்பூரைப் பார்க்காமல் எப்படி என்று இன்னொருத்தர். எல்லாருடைய ஆசையையும் ஒரே பட்டியலில் சேர்த்தால் பாதி விடுமுறை விமான நிலையங்களிலேயே கழியும். ஊர்களைத் தள்ளி வைத்துவிட்டு, ரயிலிலும் பஸ்ஸிலும் ஒரே கோடாகப் போகக்கூடிய வழிகளை எடுத்துப் பாருங்கள். முதல் பயணத்துக்கு மூன்றுதான் தேறும்.

முதலாவது தீபகற்ப வழி: சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர், பினாங்கு, அங்கிருந்து தாய்லாந்து எல்லையைத் தாண்டி பாங்காக். இரண்டாவது மீகாங் வழி: பாங்காக், சியாங் மாய், லாவோஸின் லுவாங் பிரபாங், வியன்டியான். மூன்றாவது வியட்நாமின் நெடுக்கு வழி: ஹனோய், ஹுவே, டா நாங், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம்.

தனியாகப் போகிறவருக்குப் பொருந்தும் வழி கூட்டத்துக்குப் பொருந்தாது. தனி ஆளுக்குப் போகிற இடத்தில் பேச்சுத் துணை கிடைத்தால் போதும். நாலைந்து பேராகப் போகிறவர்களுக்குக் காலையில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, இரவில் அலட்டலில்லாமல் ஒரே மேசையில் சேர முடிய வேண்டும். அது முடியாத ஊரில் நான்காம் நாளே முகம் தூக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் மூன்று வழிகளையும் எடை போடுவது பெரும்பாலும் இந்த ஒரு அளவுகோலில்தான்.

இதில் தீபகற்ப வழிக்கு நிகர் இல்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் மூன்றிலும் நகர ரயில் இருக்கிறது. ஒருத்தர் அருங்காட்சியகம், ஒருத்தர் கடைத்தெரு, ஒருத்தர் மதியம் வரை தூக்கம் என்று பிரிந்தாலும் யாரும் யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ரயிலே தேவைப்படாது. சூலியா தெரு, லவ் லேன் பக்கம் ஹாஸ்டல் எடுத்தால் பழைய நகரம் முழுக்க நடந்தே முடியும். செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் ஒரே சாலையை ஒட்டி, சில நிமிட நடைக்குள். மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008இல் சேர்ந்தே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஜார்ஜ் டவுன். மலாக்கா வார இறுதி இரவுச் சந்தைக்காக ஒரு நாள் தாங்கும், அவ்வளவுதான்.

சாப்பாட்டிலும் இந்த வழிதான் குழுவைக் கட்டிக் காக்கிறது. ஒருத்தர் சைவம், ஒருத்தர் ஹலால் மட்டும், ஒருத்தர் எதையும் விடமாட்டார் என்ற கூட்டத்தை ஒரே கடையில் உட்கார வைப்பது ஆசியாவின் பல ஊர்களில் பெரும்பாடு. மலேசியாவில் அது பேச்சே இல்லை. ரொட்டி சானாய், தே தாரிக், வாழையிலைச் சாப்பாடு, பக்கத்திலேயே நாசி கண்டார் என்று நள்ளிரவிலும் மாமாக் கடைகள் (தமிழ் முஸ்லிம் உணவகங்கள்) திறந்திருக்கும். சிங்கப்பூரின் உணவங்காடிகளில் ஆளுக்கொரு கடையில் வாங்கி வந்து ஒரே மேசையில் சாப்பிடுவதே வழக்கம். மெனு அட்டையைப் பார்த்துத் திணறுபவருக்கு இன்னொரு சௌகரியம்: சிங்கப்பூரில் தமிழ் அதிகார மொழி. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

வியட்நாமின் தெருச் சாப்பாடு, என் நாக்குக்கு, இவை எல்லாவற்றையும்விட ஒரு படி மேல். ஆனால் மீன் சாறு எதில் இல்லை என்று கண்டுபிடிப்பது சைவக்காரருக்குத் தினசரி வேலை. 'சாய்' என்று பலகை போட்ட கடைகள் முழுச் சைவம். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால் அன்று கூட்டம் அதிகம், பதார்த்தங்களும் அதிகம். தாய்லாந்தில் மஞ்சள் கொடியும் சிவப்பு எழுத்தும் கண்டால் அது 'ஜே' என்னும் சைவக் கடை. அங்கே பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். லாவோஸில் இப்படி அடையாளம் பார்த்து நுழையும் கடைகள் குறைவு, கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

படுக்கைக் கணக்கு

வியட்நாமை நான் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் அதன் ரயில். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை 1,726 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போனால் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். யாரும் அப்படிப் போக வேண்டாம், துண்டு துண்டாகப் போங்கள். மென்படுக்கை அறையில் நான்கு படுக்கை, வன்படுக்கை அறையில் ஆறு. சரியாக நாலு பேர் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு அறை முழுக்க உங்களுடையது. பையைக் கீழே தள்ளி, சீட்டுக்கட்டைப் பிரித்தால் இரவு போவதே தெரியாது. ஐந்து பேர் என்றால்தான் சங்கடம்: ஐந்தாமவர் அறிமுகமில்லாத மூவரோடு பக்கத்து அறையில்.

ஹனோயிலிருந்து இரவு ரயிலில் ஹுவே, அங்கே இரண்டு நாள், பிறகு பகலில் டா நாங். இந்த ஹுவே–டா நாங் துண்டைப் பகலில்தான் போக வேண்டும். ஹை வான் மலையைச் சுற்றி ரயில் ஊர்ந்து ஏறும்போது தெற்கு நோக்கிப் போகிறவருக்கு இடது பக்கம் கடல் கீழே விரியும். எனவே இடது பக்க ஜன்னல். இந்தத் துண்டுக்கென்றே 2024 மார்ச் முதல் தனிச் சுற்றுலா ரயிலும் ஓடுகிறது, நடுவில் லாங் கோ நிலையத்தில் நிற்கும். ஹோய் ஆனுக்கு ரயில் கிடையாது. டா நாங்கில் இறங்கி முப்பது கிலோமீட்டர் போல காரில் போக வேண்டும், நாலாகப் பிரித்தால் செலவு தெரியாது.

ஸ்லீப்பர் பஸ் மலிவு என்று யாராவது தொடங்குவார்கள். ஏறும்போதே செருப்பைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று வரிசை, இரண்டு அடுக்கு, காலை நீட்டும் இடம் ஒரு பெட்டிக்குள். குள்ளமானவர்கள் நன்றாகத் தூங்குவார்கள். ஆறடிக்காரர் மறுநாள் உங்களோடு பேசமாட்டார்.

தீபகற்ப வழியில் ரயில் இரவு ஒன்றே ஒன்றுதான், அதுவும் அருமையான இரவு. கோலாலம்பூரிலிருந்து ஈ.டி.எஸ். மின்ரயிலில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் பட்டர்வொர்த், எதிரே படகேறினால் பினாங்கு. திரும்பி வந்து வடக்கே போனால் பாடாங் பெசார். அந்த நிலையத்துக்குள்ளேயே மலேசியக் குடிநுழைவும் தாய்லாந்துக் குடிநுழைவும் இருக்கின்றன. ஒரு கவுன்டரில் வெளியேறும் முத்திரை, சில அடிகள் தள்ளி நுழையும் முத்திரை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினால் எல்லை தாண்டியாயிற்று. மாலையில் அங்கிருந்து கிளம்பும் ரயில் மறுநாள் பாங்காக்கில் இறக்கிவிடும். இருட்டியதும் பணியாளர் வந்து இருக்கைகளை இழுத்துப் படுக்கையாக்கி, விரிப்புப் போட்டு, திரை மாட்டிவிட்டுப் போவார். கீழ்ப்படுக்கை அகலம், கட்டணமும் அதிகம். மேலே படுப்பவருக்குக் கூரை விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும். யாருக்கு எது என்று டிக்கெட் எடுக்கும்போதே பேசிவிடுங்கள். இன்னொன்று, தாய்லாந்து ரயில்களில் 2014 முதல் மதுவுக்குத் தடை. பீரோடு ரயில் இரவு என்ற கனவில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சிங்கப்பூர்–மலாக்கா பஸ்தான் இந்த வழியின் பலவீனமான கண்ணி. எல்லையில் இரண்டு முறை இறங்கி ஏற வேண்டும், இரண்டாம் முறை மூட்டை முடிச்சோடு. கூட்ட நாளில் ஒருத்தர் வரிசையில் மாட்டினால் அவருக்காகப் பஸ் நெடுநேரம் நிற்காது.

மீகாங் வழியில் லாவோஸ் ரயில் புதிது. வியன்டியான்–லுவாங் பிரபாங் தடம் 2021 டிசம்பரில் திறந்தது. பஸ்ஸில் ஒரு பகலை விழுங்கிய தூரம் இப்போது இரண்டு மணி நேரம். ஆனால் நிலையங்கள் ஊருக்கு வெளியே, பாதுகாப்புச் சோதனையில் ஸ்ப்ரே டப்பாவும் கத்தியும் பறிபோகும், டிக்கெட் சில நாள் முன்புதான் விற்பனைக்கு வரும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். நாலு பேருக்கு ஒரே ரயிலில் இடம் பிடிப்பது அதிர்ஷ்டம். இந்த வழியின் உண்மையான அழகு ரயிலில் இல்லை. தாய்லாந்து எல்லையை ஒட்டிய லாவோஸின் ஹுவாய் சாய் கரையிலிருந்து மீகாங்கில் இரண்டு நாள் மெதுவாக மிதந்து, நடுவில் பாக்பெங்கில் ஓர் இரவு தங்கி, லுவாங் பிரபாங் சேரும் படகுப் பயணம்தான் அது. ஒருவரோடொருவர் பேசாமல் உட்காரத் தெரிந்த நண்பர்களுக்கு இதைவிட நல்ல பயணம் இல்லை. மற்றவர்களுக்கு இரண்டாம் நாள் மதியம் நரகம். லுவாங் பிரபாங்கும் சின்ன ஊர். கோபித்துக்கொண்டு போனவரைச் சாயங்காலச் சந்தையில் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

காசும் காகிதமும்

படிவ வேலை வியட்நாமில் குறைவு. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை மின்விசா, ஒருமுறை நுழைய 25 டாலர். தீபகற்ப வழியில் விசா தேவைப்படுகிறதோ இல்லையோ, மூன்று நாடுகளுக்கும் தனித்தனி மின் வருகை அட்டை நிரப்ப வேண்டும். தாய்லாந்து இதைக் கடைசியாக, 2025 மே முதல் கொண்டுவந்தது. மூன்றும் இலவசம். காசு கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது அரசுத் தளம் இல்லை.

செலவைப் பொறுத்தவரை சிங்கப்பூரில் ஓர் இரவு ஹாஸ்டல் கட்டில் மற்ற ஊர்களில் பல இரவுகளை விழுங்கும். அங்கே இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம் என்பேன். தாய்லாந்து ஏ.டி.எம்.கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிக்கின்றன. ஆளாளுக்கு எடுத்தால் நாலு மடங்கு நஷ்டம். ஒருத்தர் மொத்தமாக எடுத்துப் பிரித்துக் கொடுத்து, கணக்கைச் செயலியில் எழுதிவிடுவதே வழி. வியட்நாமில் வேறு ஆபத்து: 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டும் நீலம். பீர் கடையின் மங்கலான வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்தால் இருபத்தைந்து மடங்கு போயிற்று. பெரிய தாளைப் பர்ஸின் தனி அறையில் வையுங்கள்.

மோட்டார் பைக் வாடகை எடுக்கும் ஆசை ஹை வான் பக்கம் கட்டாயம் வரும். வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படி வழங்கிய பன்னாட்டு உரிமத்தை. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கியது அங்கே செல்லாது. கடைக்காரர் இதைக் கேட்கவே மாட்டார். விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். லாவோஸில் கவனிக்க வேண்டியது குடி. 2024 நவம்பரில் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். இலவச ஷாட் என்று யார் நீட்டினாலும் வேண்டாம். நம் கண்முன் திறக்கும் பாட்டில் பீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கம்போடியா எங்கே என்று கேட்பீர்கள். பாங்காக், சியெம் ரீப், நோம் பென், ஹோ சி மின் நகரம் என்பது நெடுங்காலமாக முதுகுப்பைப் பயணிகளின் ராஜபாட்டை. 2025இல் தாய்லாந்து–கம்போடியா மோதலில் தரை எல்லைகள் மூடப்பட்டதால் அந்தப் பாட்டையின் முதல் கண்ணியை நம்பித் திட்டம் போட முடியாது. அங்கோர் வாட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வியட்நாம் வழியின் வாலில் சேருங்கள்: ஹோ சி மின் நகரத்திலிருந்து மோக் பாய் எல்லை வழியாக பஸ்ஸில் ஆறு மணி நேரம் போல நோம் பென், அங்கிருந்து சியெம் ரீப். அங்கோர் நுழைவு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62. ஒரு நாள் சீட்டு வாங்குவது வீண்.

ஆக, என் தேர்வு: சரியாக நாலு பேர், இரண்டு வாரத்துக்குக் குறையாத விடுப்பு, சாப்பாட்டில் பிடிவாதம் இல்லை என்றால் வியட்நாம். ஐந்தாறு பேர், ஆளுக்கொரு சாப்பாடு, முதல் வெளிநாட்டுப் பயணம் என்றால் தீபகற்பம். மீகாங் வழி இரண்டு பேருக்கு.

மாதத்தையும் பார்த்துவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் மத்திய வியட்நாமில் மழை கொட்டும், ஹோய் ஆன் தெருக்களில் படகு விடும் அளவுக்கு வெள்ளம் வரும். வியட்நாமின் டெட் புத்தாண்டை ஒட்டி ரயிலில் இடமே கிடைக்காது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சியாங் மாயைக் காட்டெரிப்புப் புகை மூடியிருக்கும். பினாங்கும் கோலாலம்பூரும் ஆண்டு முழுக்க நனையும், ஆனால் பெரும்பாலும் சாயங்கால மழை. தீபகற்ப வழியைத் தெற்கிலிருந்து வடக்கே போங்கள்: விலைவாசி போகப் போக இறங்கும், சட்டை வாங்கும் ஆசைகளை பாங்காக்கின் சதுச்சக் சந்தைக்கு மிச்சம் வைத்தால் அந்தச் சுமையை எல்லை தாண்டித் தூக்க வேண்டியதில்லை. அந்தச் சந்தை முழுதாகத் திறப்பது சனி, ஞாயிறில்தான், எனவே பாங்காக் ரயிலை வெள்ளிக்கிழமைக்குப் போடுங்கள்.