கிரெஸ்ஸி லியோனார்டோ: புதிதாக ஸ்கூபா கற்றவர்களுக்கு ஏற்ற டைவ் கம்ப்யூட்டர்

காற்றுச் சிலிண்டருடன் நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா பயிற்சியை முடித்தவுடன் சிலிண்டர் தவிர மற்ற எல்லாவற்றையும் சொந்தமாக வாங்கிவிட வேண்டும் என்ற ஆவல் பலருக்கு வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை கடலுக்குப் போகிறவருக்கு ரெகுலேட்டரும் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) பிசிடியும் (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டை) வாடகைக்கே போதும். அவை கனமானவை, ரெகுலேட்டரைக் குறித்த காலத்தில் சர்வீஸும் செய்தாக வேண்டும். முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் ஒன்றும், ஆழத்தையும் நேரத்தையும் அளக்க மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் ஒன்றும் மட்டுமே முதலில் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாஸ்க் முகத்துக்கு முகம் மாறும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. கம்ப்யூட்டரும் அவரவருக்கென்று இருக்க வேண்டிய பொருள் என்பதைத்தான் பலர் உணர்வதில்லை. ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் நம் திசுக்களில் கரைகிறது. வேகமாக மேலேறினால் அது குமிழிகளாகி உடலைப் பாதிக்கலாம். மேலே வந்த பிறகும் அதில் ஒரு பகுதி பல மணி நேரம் உடலிலேயே தங்கியிருக்கும். காலையில் ஒரு கருவியையும் மாலையில் வேறொன்றையும் கட்டிக்கொண்டு இறங்கினால், இரண்டாவது கருவிக்கு முதல் டைவைப் பற்றி எதுவும் தெரியாது. இருவர் ஒரே கருவியைப் பகிர்வதும் இதே காரணத்தால் கூடாது.

எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று பயிற்சியில் கற்கும் அட்டவணையையே நம்பலாமே என்று கேட்கலாம். டைவிங் பயிற்சி தரும் பேடி (PADI) அமைப்பின் அட்டவணை 18 மீட்டர் ஆழத்துக்கு 56 நிமிடம் தருகிறது. ஆனால் நாம் அந்த ஆழத்தில் சில நிமிடங்களே இருந்துவிட்டு 10 மீட்டருக்கு ஏறிவிட்டாலும், முழு நேரமும் அடியில் கழித்ததாகவே அது கணக்கிடும். கம்ப்யூட்டர், நாம் உண்மையில் இருந்த ஆழத்தைத் தொடர்ந்து அளந்து, டிகம்ப்ரெஷன் நிறுத்தமின்றி (நைட்ரஜன் வெளியேற வழியில் கட்டாயமாக நிற்பது) இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்பதைத் திருத்திக்கொண்டே வருகிறது.

இத்தாலியின் கிரெஸ்ஸி நிறுவனத்துடைய லியோனார்டோவைத் தொடக்கநிலையினருக்கு நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் அதன் திரை. ஆழமும் மீதமுள்ள நிமிடங்களும் பெரிய எண்களில் தெரிவதால், மிதப்பைச் சமன் செய்யவே திணறிக்கொண்டிருக்கும் ஒருவர்கூட ஒரு பார்வையில் படித்துவிடலாம். வேகமாக மேலேறினால் எச்சரிக்கிறது. மேலே வருமுன் செய்ய வேண்டிய மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தையும் தானே எண்ணிக் காட்டுகிறது. மேலேறும் வேகத்தைத் தவறாகக் கணிப்பது புதியவர்களுக்கு இயல்பு என்பதால், இவ்விரண்டையுமே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கணக்கீட்டுக்கு இது ஆர்ஜிபிஎம் (RGBM) முறையை, அதாவது கரைந்த நைட்ரஜனோடு நுண்குமிழிகளையும் கருத்தில் கொள்ளும் முறையைப் பின்பற்றுகிறது. இடைவெளி குறைவாக அடுத்தடுத்து இறங்கினாலும், மேலும் கீழுமாக ஏறி இறங்கினாலும் நிமிடங்களைக் கறாராகக் குறைத்துவிடும். அனுபவசாலிகள் சிலருக்கு இது எரிச்சலூட்டலாம், புதியவருக்கு நன்மையே. பாதுகாப்பு அளவை இன்னும் கூட்டிக்கொள்ளவும் வழி உண்டு. பிற்பாடு நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்றுக் கலவை) கற்றாலும் இதே கருவி போதும்.

குறைகளும் உள்ளன. எல்லாவற்றுக்கும் ஒரே பட்டன் என்பது நீருக்கடியில் வசதிதான். ஆனால் கரையில் அமைப்புகளை மாற்றும்போது, வேண்டிய எண்ணைத் தாண்டிவிட்டால் முழுச் சுற்றும் மறுபடி வர வேண்டியிருக்கும். சிலிண்டரில் மீதமுள்ள காற்றை இது காட்டாது. அதற்குத் தனி அழுத்தமானி தேவை. பதிவுகளைக் கணினிக்கு மாற்ற உதவும் இணைப்பைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். பேட்டரியை நாமே மாற்றலாம் என்றாலும், இதற்குரிய சிஆர்2430, எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் சிஆர்2032 அல்ல. ஆகவே தீவுகளுக்குப் புறப்படுமுன் உபரியாக ஒன்றை எடுத்துச் செல்வது அவசியம்.

அந்தமானின் ஹேவ்லாக்கில் டைவ் செய்துவிட்டு விமானத்தில் சென்னை திரும்புவோர், இது காட்டும் விமானத் தடை நேரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டைவர்களின் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பின் பரிந்துரைப்படி, டிகம்ப்ரெஷன் நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ்களுக்குப் பின் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். கருவியின் கணக்கும் இதுவும் வேறுபட்டால், நீளமான நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பயணச்சீட்டையும் அதற்கேற்ப முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.