கொழும்புக் களஞ்சியமா, கொக்குவில் விறாந்தையா?

ஓடர் விழுந்து எத்தனை மணித்தியாலத்தில் பொதி வாசலைத் தாண்டுகிறது என்பதை மட்டுமே இரண்டு வருடங்களாக எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த எண்ணிக்கையை நம்பித்தான் சரக்கில் பாதிக்கு மேல், மற்றவர்களின் பொருளை வைத்திருந்து பொதி கட்டி அனுப்பிக்கொடுக்கும், கொழும்பை அண்டிய ஒரு களஞ்சியத்துக்கு ஏற்றினோம். ஏழு மாதம் கழித்து, மிஞ்சியதை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையிலேயே திருப்பி இறக்கினோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிப்பதற்கில்லை.

நாங்கள் விற்பது பனங்கட்டி, ஒடியல் மா, புழுக்கொடியல், மிளகாய்த்தூள், நல்லெண்ணெய். நாளொன்றுக்கு 30, 40 ஓடர். வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கம். பொதி இங்கிருந்து 400 கிலோமீற்றர் போக வேண்டும். களஞ்சியத்திலிருந்து என்றால் மறுநாளே வாசலில் நிற்கும். கொழும்பின் பக்கம் பேசுவதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் 25 நாளும் பின்னேரத்தில் பொதி கட்ட இங்கே ஆள் கிடைக்காது. களஞ்சியத்தில் அந்தக் கவலை இல்லை.

வேகத்தில் அவர்களை வெல்ல முடியாது என்றாலும், விறாந்தையிலும் நிறையச் சீர் செய்யலாம் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. முன்பு ஒவ்வொரு ஓடருக்கும் ஒரு முறை இறாக்கைக்கு நடந்தோம். இப்போது பகல் 12 மணிக்கு அதுவரை வந்தவற்றை ஒன்றாகக் கூட்டி, மிளகாய்த்தூள் இத்தனை, ஒடியல் மா இத்தனை என்று ஒரே நடையில் எடுத்து வந்து மேசையில் பிரிக்கிறோம். அதிகம் ஓடும் பொருட்கள் இடுப்பளவுத் தட்டில். மாதம் நாலு விற்கும் பொருள் மேல்தட்டில். பெட்டி இரண்டே அளவு. பெரிய பெட்டிக்குள் சின்னச் சாமானை வைத்தால், நீள அகல உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து நிறை போடும் கூரியர்காரரிடம் காற்றுக்கும் காசு கொடுக்க வேண்டிவரும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தராசு. ஒவ்வொரு ஓடருக்கும் வர வேண்டிய நிறையைக் கணினியே கூட்டிச் சொல்லும். கட்டிய பொதியைத் தராசில் வைத்ததும் வித்தியாசம் 30 கிராமைத் தாண்டினால் பிரித்துப் பார்க்க வேண்டும். விடுபட்ட பைகள் இப்படியே பிடிபட்டன. ஆனால் ஒரே நிறையில் இரண்டு பொருள் இருந்தால் தராசு ஏமாந்துவிடும். மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் 250 கிராம் பைகளாக இருந்தபோது ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போனது. ஒடியல் மாவை 400 கிராமாக மாற்றினோம், சிக்கல் தீர்ந்தது. பனங்கட்டி மட்டும் தராசுக்கு அடங்காது. அது வரும் சின்ன ஓலைப்பெட்டியான குட்டான், ஒன்றுக்கொன்று நிறை மாறும். அதைக் கண்ணால்தான் எண்ண வேண்டும்.

இதெல்லாம் இருந்தும், இவ்வளவுதான் கதை என்றால் நான் கொழும்பிலேயே இருந்திருப்பேன். திரும்பி வரவைத்தது, திரும்பி வரும் பொதி.

பொருள் கையில் கிடைத்ததும் காசு என்ற முறையில் விற்கிறவர்களுக்கு இது புதிதல்ல. வீட்டில் ஆள் இல்லை, தொலைபேசி எடுக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று ஒரு பங்கு பொதிகள் வந்த வழியே திரும்பும். சட்டையோ செருப்போ என்றால் தூசி தட்டி மறுபடி இறாக்கையில் வைக்கலாம். பனங்கட்டி அப்படியல்ல. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். கார்த்திகை மழையில் வண்டிக்குள் பத்து நாள் சுற்றிவிட்டு வந்த குட்டானின் ஓலை கறுத்து, அடிப்பக்கம் பாகு கசிந்திருக்கும். வெளிப்பெட்டியிலோ ஒரு கீறல்கூட இருக்காது.

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் படம் அனுப்பியபோதுதான் இது எங்களுக்கு உறைத்தது: மூன்று குட்டான்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தன. களஞ்சியத்தில் கேட்டேன். “அண்ணா, பெட்டி உடையவில்லை, ஆகவே விற்பனைத் தட்டில் வைத்துவிட்டோம்” என்றார் பொறுப்பாக இருந்த தம்பி. அவர் மீது பிழை சொல்ல முடியாது. பெட்டி உடைந்ததா என்று பார்ப்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட வேலை. உள்ளே திறந்து பார்க்க ஒப்பந்தத்தில் இடமில்லை.

அதைவிடப் பெரிய வேடிக்கை, முதலில் காலாவதியாகிற பொருளை முதலில் அனுப்பு என்ற அவர்களுடைய ஒழுங்கு. உணவுப் பொருளுக்குச் சரியான ஒழுங்குதான். நாங்களே கேட்டு வாங்கியது. ஆனால் திரும்பி வந்த பொதியில் இருப்பது பெரும்பாலும் பழைய திகதி. அதனால் புதுச் சரக்கு நிறைந்து கிடக்க, கணினி தேடிப் பிடித்து முதலில் அனுப்புவது அந்தக் கசிந்த குட்டானைத்தான். களஞ்சியம் எவ்வளவு திறமையாக வேலை செய்ததோ, அவ்வளவு விரைவாகப் பழுதான பொருள் அடுத்த வீட்டுக்குப் போனது. அதுவும் திரும்பினால் போகும் கூலியும் வரும் கூலியும் இரண்டாம் தடவையாக நம் தலையில்.

இங்கே திரும்பிய பொதிகளுக்கு வாசலோரம் தனி மேசை. வந்த அன்றே பிரிக்காமல் எதுவும் இறாக்கைக்குப் போகக் கூடாது. மாமி குட்டானை எடுத்து அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்துவார். விரல் ஒட்டினால் அது விற்பனைக்கில்லை. எங்கள் பின்னேரத் தேநீரோடு கடிக்கப்படும். மாதத்தில் சில நாட்கள் எல்லோரும் தேவைக்கு மேல் தேநீர் குடிக்கிறோம்.

பொதி கட்டுமுன் வாங்குகிறவரை அழைத்து உறுதி செய்வதாலும் திரும்புதல் குறைந்திருக்கிறது. ஆனால் அந்தப் புண்ணியத்தை விறாந்தையின் கணக்கில் எழுத முடியாது. ஓடரைச் சற்று நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தால் களஞ்சியத்திலும் அதைச் செய்திருக்கலாம். சொல்லாதது எங்கள் தவறு.

நாளுக்கு 40 ஓடரைத் தாண்டி நாங்கள் ஓடியதில்லை. 200 என்றால் இந்த மேசையும் மாமியின் பெருவிரலும் தாங்குமா என்பது சந்தேகமே. உடுப்பு, புத்தகம் விற்கிறவர்களுக்கு என் அனுபவம் பாதிதான் பொருந்தும்; அவர்களுக்குக் கொழும்பே இலாபமாகலாம். நாங்களும் முழுதாக அறுத்துக்கொண்டு வரவில்லை. நல்லெண்ணெய்ப் போத்தல்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. போத்தல் கசிந்தால் அட்டைப்பெட்டியின் வெளியே எண்ணெய்க் கறை தெரியும். திறந்து பார்க்க ஆள் தேவையில்லை.